திங்கட்கிழமை வரும் சிவப்புப் பட்டியல்: மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டில் இயங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 17 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக ப்ராஜெக்ட் மேனேஜர் பொறுப்பில் இருக்கிறேன், என்கீழ் 19 பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு மனிதவளத் துறையிலிருந்து எனக்கு ஒரு எக்செல் கோப்பு வருகிறது. முந்தைய வாரத்தில் யார் யார் எத்தனை நாள் வாயிலில் அடையாள அட்டையை ஸ்வைப் செய்தார்கள், உள்ளே எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். குறைந்தவர்களின் வரிசை சிவப்பு. சிவப்பில் உள்ளவர்களை அழைத்து விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தைக் கடைசிக் கட்டத்தில் நிரப்பி, மாலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டியது என் கடமை. இந்த வேலையை இரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறவன் என்ற முறையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி குறைவு. அந்தப் பட்டியலை இயக்கும் கைகளில் என்னுடையதும் ஒன்று.

சில மாதங்களுக்கு முன் வந்த பட்டியலில் என் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர், அவர் அலுவலகம் வந்த மூன்று நாளுக்கும் சிவப்பாக இருந்தது. ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மணி நாற்பது நிமிடம், ஆறு மணி ஐம்பது, ஆறரை. காரணம் எனக்கு முன்பே தெரியும். மேடவாக்கத்தில் அவருடைய குழந்தையை விட்டிருக்கும் காப்பகம் மாலை ஆறு மணிக்கு மூடப்படும், நாலரைக்குக் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு லாப்டாப்பைத் திறந்து பன்னிரண்டு வரை வேலை செய்கிறார். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் முடித்த வேலைதான் மறுநாள் காலை கிளையண்டுக்குப் போகிறது. ஆனால் வாயிற்கதவுக்கு அந்த மூன்று மணி நேரம் தெரியாது.

அதே பட்டியலில் என் குழுவின் மூத்த பொறியாளர் ஒருவரின் பெயரே இல்லை. அவர் இரண்டு ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் தம் சொந்த வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். அவருக்கு எழுத்துப்பூர்வமான விலக்கு எதுவும் கிடையாது. கிளையண்ட் அவரைத்தான் நம்புகிறார், அவர் போய்விட்டால் ப்ராஜெக்ட் ஆடிப்போகும் என்று நான் என் மேலதிகாரியிடம் சொன்னேன், அவர் தமக்கு மேலே இருப்பவரிடம் சொன்னார், ஒரு நாள் அவர் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. அவர் நல்ல உழைப்பாளி, அவருக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே குழுவில், ஒரே வேலைக்கு, ஒருவருக்குக் காதோடு காதாக விலக்கும் இன்னொருவருக்குச் சிவப்பு வரிசையும் கிடைப்பதற்குக் காரணம் தேவையின் அளவு இல்லை, பேரம் பேசும் வலிமை மட்டுமே என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பங்கு நானே செய்தும் இருக்கிறேன்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வாரத்துக்கு எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதைக் காட்டிலும், அதை யார், எந்த அடிப்படையில், யாருக்குப் பதில் சொல்லும் பொறுப்போடு முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பது மேலாளரின் மனம் பார்த்துக் கிடைக்கும் சலுகையாக இருக்கும்வரை, மூன்று நாள் விதியும் அநீதிதான், ஐந்து நாள் விதியும் அநீதிதான்.

அலுவலகமே வேண்டாம் என்று வாதிடுகிறேன் என நினைத்துவிட வேண்டாம். 2021இல் கல்லூரி முடித்து என் குழுவில் சேர்ந்த ஓர் இளைஞருக்கு லாப்டாப் கூரியரில்தான் போனது. ஒரு நாள் அவர் ஒரு பிழைச் செய்தியில் மாட்டிக்கொண்டு, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி, இரண்டு நாள் தனியாகவே போராடியிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் எட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அலுவலகம் ஒரு பள்ளி என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். சிறிய வாடகை வீட்டில் நான்கு பேருக்கு நடுவே, சமையலறை மேடையில் லாப்டாப்பை வைத்து வேலை செய்தவர்களுக்கு அலுவலகம் திறந்தது விடுதலையாகவே இருந்தது. நாங்கள் வீட்டில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில், வீட்டிலிருந்து செய்யவே முடியாத வேலையில் இருந்த காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கேன்டீன் ஊழியர்கள், மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த கேப் ஓட்டுநர்கள் ஆகியோர் பட்ட பாட்டை எங்களில் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நியாயம் பற்றிப் பேசும்போது இதையும் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அலுவலகம் தேவை என்றால், எதற்குத் தேவை என்று உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். எனக்கு வந்த சுற்றறிக்கைகளில் எல்லாம் 'கூட்டுணர்வு', 'பண்பாடு', 'நேரடித் தொடர்பு' என்ற சொற்கள்தான் இருக்கின்றன. என் குழுவின் 19 பேரில் எட்டுப் பேர் புணேயிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள், கிளையண்ட் அமெரிக்காவில். சிறுசேரி வரை ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறவர், வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புணேயில் இருப்பவரோடு டீம்ஸில் பேசுகிறார். இதில் எந்த நேரடித் தொடர்பு வளர்கிறது என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

உண்மையான காரணங்கள் வேறு இருக்கின்றன என்பது துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சிறுசேரி, சோழிங்கநல்லூர், தரமணி வளாகங்களில் பல, ஏற்றுமதிக்காகச் சலுகைகள் பெறும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாக இருப்பதால், அங்கிருந்து வேலை செய்தாக வேண்டும் என்ற விதிகளுக்கு நிறுவனங்கள் கட்டுப்பட்டவை. அதனால்தான் 2022 ஜூலையில் மத்திய அரசு சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்ற புதிய விதியைச் சேர்த்து, ஐம்பது விழுக்காடு ஊழியர்கள்வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அது நூறு விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. கட்டடங்களின் நீண்ட காலக் குத்தகை இன்னொரு காரணம். வங்கி, மருத்துவக் காப்பீடு சார்ந்த தரவுகளைப் பாதுகாப்பான வளாகத்துக்குள் மட்டுமே கையாள வேண்டும் என்று கிளையண்ட் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மூன்றாவது. இவை மூன்றும் கண்ணியமான காரணங்கள், வெளிப்படையாகச் சொன்னால் ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். நான்காவதாக ஒன்று உண்டு: ஆட்குறைப்பு என்ற பெயர் இல்லாமல் ஆட்களைக் குறைக்க, வரமுடியாதவர்கள் தாமாகவே விலகட்டும் என்று காத்திருப்பது. உங்கள் நிறுவனத்தில் அப்படி இல்லை என்றால், முதல் மூன்றில் எது பொருந்தும் என்று ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் எழுதிக் கொடுப்பதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

ஊழியர்கள் உங்கள் சொல்லை நம்பித் தங்கள் வாழ்க்கையை மாற்றி அமைத்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2020இல் டி.சி.எஸ். நிறுவனம், 2025ஆம் ஆண்டுக்குள் எந்த நேரத்திலும் 25 விழுக்காட்டு ஊழியர்கள் மட்டுமே அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற இலக்கைப் பொதுவெளியில் அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னதும் அதே நிறுவனம்தான். சூழ்நிலை மாறினால் முடிவு மாறுவது இயல்புதான், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் துறையே அந்தத் திசையில் போகிறது என்று நம்பி 2021இல் ஊருக்குத் திரும்பி, வீட்டுக் கடன் வாங்கி, பெற்றோருக்குப் பக்கத்தில் குடியேறிய பல்லாயிரம் பேருக்கு அந்த மாற்றத்தின் செலவு முழுவதையும் தாங்களே சுமக்க நேர்ந்தது.

எங்கள் நிறுவனத்திலேயே, நேர்முகத் தேர்வில் 'வேலை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம்' என்று சொல்லி எடுக்கப்பட்ட கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு, முப்பது நாளில் சென்னைக்கு வர வேண்டும் என்று ஒரு நவம்பர் மாதம் மின்னஞ்சல் வந்தது. அவருடைய மகள் அப்போது ஆறாம் வகுப்பின் பாதியில் இருந்தாள். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது என்பது இந்த முடிவை எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்காது, அவரும் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்தான். அந்த மின்னஞ்சல் மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டிருந்தால் நிறுவனத்துக்கு எந்த நட்டமும் இருந்திருக்காது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, துரைப்பாக்கத்தில் மூன்று பேர் தங்கும் பிஜி அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்து, வெள்ளி இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடித்து, திங்கள் காலை திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு அவர் ஸ்வைப் செய்தார். அவருடைய வரிசை சிவப்பில் வந்ததே இல்லை. ஐந்து மாதத்தில் ராஜினாமா செய்தார்.

பணி நிபந்தனையை மாற்றும்போது முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது புதிய சிந்தனை இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு, வேலை நேரம், வழக்கமாக அனுபவித்துவந்த சலுகை போன்றவற்றைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அந்த 21 நாள் தொடர்கிறது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. நாங்கள் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்களா, மேற்பார்வையாளர்களா என்ற வழக்காடலுக்குள் நான் போக விரும்பவில்லை. சட்டம் குறைந்த அளவாக வைத்ததை நீங்கள் நல்லெண்ணத்தோடு மூன்று மாதமாக உயர்த்தலாம். வேலையை விடும்போது எங்களிடம் நீங்கள் கேட்கும் நோட்டீஸ் பீரியடும் மூன்று மாதம்தானே.

இனி, எங்கள் வீட்டைப் பற்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் வேளச்சேரியும் நீரில் நின்றன. அன்று வந்த செய்தி, 'பாதுகாப்பாக இருங்கள், இயன்றவர்கள் வீட்டிலிருந்து வேலையைத் தொடருங்கள்' என்பது. மின்சாரம் இல்லாத வீட்டில், பக்கத்துக் குடியிருப்பின் ஜெனரேட்டரில் லாப்டாப்பைச் சார்ஜ் செய்து, கைப்பேசி இணையத்தில் வேலையைத் தொடர்ந்தவர்கள் என் குழுவில் மூன்று பேர். அதற்காக அவர்களுக்குப் பாராட்டு மின்னஞ்சலும் வந்தது. சாதாரண நாட்களிலும் அப்படித்தான்: அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினால், கிளையண்டுடனான எங்கள் ஆறரை மணி அழைப்பு ஏழரைக்குப் போகிறது. அந்த அழைப்பை யாரும் அலுவலகத்திலிருந்து எடுக்கச் சொல்வதில்லை. வழியில் கேபில் உட்கார்ந்து எடுக்கலாம், வீட்டிலிருந்து எடுக்கலாம், சனிக்கிழமை நள்ளிரவு ரிலீஸையும் வீட்டிலிருந்தே செய்யலாம். அப்போதெல்லாம் கூட்டுணர்வு கெடுவதில்லை, தரவுப் பாதுகாப்பும் குறுக்கே வருவதில்லை. நிறுவனத்தின் அவசரத்துக்கு எங்கள் வீடு அலுவலகமாகும். எங்கள் அவசரத்துக்கு ஆகாது. வீட்டில் செய்த வேலை நேரத்தை வருகைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றால், வீட்டுக்குப் போன பிறகு வரும் அழைப்புகளை எடுக்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

ஸ்வைப் கணக்கை ஊதியத்தோடு இணைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். வேரியபிள் பே என்பது ஊதியத்தில் செயல்திறனுக்கான பங்கு என்றுதான் பணியில் சேரும்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதை வருகை விழுக்காட்டோடு கட்டிப்போட்ட பிறகு என் தளத்தில் நடப்பதைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ஸ்வைப் செய்து, ஒரு காபி குடித்துவிட்டு வெளியேறி, மாலை ஆறரைக்குத் திரும்பி வந்து மறுபடி ஸ்வைப் செய்கிறவர் பச்சை வரிசையில் இருக்கிறார். உட்கார இடம் தேடுவதில் அரை மணி நேரம் போகிறது. எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொன்ன நிர்வாகம், தொற்றுக்காலத்தில் மூன்று தளங்களை விட்டுக்கொடுத்தது என்பதை மறந்துவிட்டது போலும். இருக்கையைச் செயலியில் முதல் நாளே பதிவு செய்ய வேண்டும், தவறினால் கேன்டீன் மேசைதான். கடைகளில் நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலத்தில், கணினிக்காரர்கள் நாற்காலிக்கு வரிசையில் நிற்கிறோம் என்று எங்கள் தளத்தில் ஒரு கேலி உண்டு.

கூட்டாக வேலை செய்தால்தான் திறன் கூடும் என்ற நம்பிக்கை சோதிக்கப்படாத ஒன்றும் இல்லை. பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவரது சகாக்களும் சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் நேச்சர் இதழில் வெளியான முடிவின்படி, மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், அதிலும் பெண்களும் தொலைவிலிருந்து வருகிறவர்களும்தான் அதிகம் தங்கினார்கள். அதே நிறுவனத்தில் புளூம் முன்பு 2010இல் தொடங்கிச் செய்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்த அழைப்பு மைய ஊழியர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமை தாளாமல் பலர் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. கண்ணில் படாதவர் கணக்கில் வருவதில்லை என்ற இந்த வழுவை அப்ரைசல் கூட்டங்களில் நானே கண்டிருக்கிறேன். ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, ரேட்டிங் கொடுக்கும்போது வீட்டில் இருந்தவர்களுக்கும் வளாகத்தில் இருந்தவர்களுக்கும் கிடைத்த பதவி உயர்வுகளைத் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களிடம் ஸ்வைப் கணக்கு நொடிக் கணக்காக இருக்கும்போது, இந்த எண்ணிக்கையை எடுப்பது பெரிய வேலையாக இருக்காது.

பெண்களுக்கான சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், விடுப்பு முடிந்த பிறகும் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. அந்த 'இருதரப்பும் ஒத்துக்கொள்ளும்' என்ற சொற்களின்மேல்தான் எல்லாம் தொங்குகின்றன. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெட்ரோ கட்டுமானத் தடுப்புகளுக்கு நடுவே ஒரு வயதுக் குழந்தையை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வண்டியில் கொண்டுவந்து கொண்டுபோக எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? சிவப்பு வரிசைக்காரர் தம் குழந்தையை மேடவாக்கத்தில் விட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான பணிமுறையைக் கேட்டு ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். நிறுவனம் மறுக்கலாம், ஆனால் ஊழியரோடு கலந்து பேசாமல் மறுக்கக் கூடாது, சட்டத்தில் உள்ள எட்டுக் காரணங்களில் ஒன்றைச் சொல்லியே மறுக்க வேண்டும், இரண்டு மாதத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். இது கேட்கும் உரிமை மட்டுமே, பெறும் உரிமை இல்லை. அந்த அளவைக்கூட நம் நிறுவனங்கள் சட்டத்துக்குக் காத்திராமல் தாமே செய்யலாம். விலக்குக்கான தகுதிகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். விண்ணப்பத்தை என்னைப் போன்ற மேலாளரின் கையில் விடாமல், ஊழியர் தரப்பிலும் ஆட்கள் உள்ள ஒரு குழுவிடம் கொடுங்கள். மறுப்பு எழுத்தில் வரட்டும், மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கட்டும். எந்தப் படிநிலையில் எத்தனை பேருக்கு விலக்குக் கிடைத்தது என்ற எண்ணிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை அறிவியுங்கள். கோயம்புத்தூர்க்காரரைப் போன்றவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடுவார்கள். ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக எங்களோடு அமர்ந்து அதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேலாளரிடம் போய்க் கேட்கக்கூட அவர்களுக்குத் துணிவு இருப்பதில்லை.

வளாகம் கட்டாயம் என்றாலும் அது சென்னை வளாகமாகவே இருக்க வேண்டுமா என்பதையும் பரிசீலியுங்கள். விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்காக்கள் எனப்படும் சிறிய தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் 2024இல் திறக்கப்பட்டுவிட்டன. திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் திருச்சி நவல்பட்டிலும் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் வளாகங்கள் இருக்கின்றன. கோவில்பட்டிக்காரர் கங்கைகொண்டானுக்குத் தினமும் போய் வந்திருப்பார்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். என் குழுவில் போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்ட சோதனைப் பொறியாளர் இருக்கிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'நியாயமான தகவமைப்பு' என்று சொல்வது அவர் போன்றவர்களுக்காகத்தான். அவருக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய விலக்கு இருக்கிறது, அதற்காக நிறுவனத்துக்கு நன்றி சொல்கிறார். ஆனால் அந்த விலக்கு மூன்று மாதத்துக்கு மட்டுமே செல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் மருத்துவரிடம் போய், தம் கால் இன்னும் சரியாகவில்லை என்று சான்று வாங்கி, படிவத்தோடு இணைத்து அனுப்புகிறார். படிவத்தில் 'குணமடைய எதிர்பார்க்கப்படும் நாள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல் தடவை அதைக் காலியாக விட்டதால் கணினி விண்ணப்பத்தை ஏற்கவில்லை, அதிலிருந்து ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைப் போட்டு அனுப்புகிறார்.

இந்தக் காலாண்டுக்கான அவருடைய படிவம் நேற்று என்னிடம் வந்திருக்கிறது. 'மேலாளர் பரிந்துரை' என்ற கட்டத்தில் இந்த முறை 'நிரந்தர விலக்கு' என்று எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு தெரிவு உங்கள் கணினியில் இல்லாததால், படிவம் இன்னும் என் பெட்டியிலேயே நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலைத் திங்கள்தோறும் நிரப்பி அனுப்பும் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.